பாட்டிக்குத் துணைக்கு யார் போவது?

‘இலவச கண் சிகிச்சை முகாம்’ என்று ஒரு நோட்டீஸ் வாசல் கதவிடுக்கில் செருகியிருக்கும். நாமும் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று மளிகைச் சாமான் லிஸ்ட் எழுத வைத்துக்கொள்வோம். அடுத்த முறை அப்படிச் செய்வதற்கு முன்னால், அந்த நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

ஒரு பட்டு ஜவுளிக் கடை. ஓர் அரிசி மண்டி. லயன்ஸ் சங்கமோ ரோட்டரி சங்கமோ ஒன்று. ஒரு கல்யாண மண்டபம். ‘நோட்டீஸ் உபயம்’ என்று ஓர் அச்சகம். கண் ஆபரேஷனுக்கும் அரிசி மண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் நிறைய இருக்கிறது. அதோடு, அந்தப் பட்டியலில் அச்சாகாமல் விட்டுப்போன ஒரு பெயரும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி தருவதும் ஊர் தருவதும்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அதை ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர். கூடப்பிறந்தவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் தோள் கொடுத்துத்தான் அந்த ஆஸ்பத்திரி எழுந்தது.

அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. வசதியுள்ளவர்கள் பணம் கட்டி வைத்தியம் செய்துகொள்வார்கள். அந்த வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ ஆபரேஷன் நடக்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. யானை விலை, குதிரை விலை! 1992-ல் மதுரையிலேயே ‘ஆரோலேப்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தாங்களே லென்ஸ் தயாரித்தார்கள். விலை மளமளவென்று இறங்கி, இலவச நோயாளிக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது.

அப்படியானால் ஆபரேஷன் செலவை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்கிறதே, ஊரிலுள்ள கடைக்காரருக்கு என்ன வேலை? அங்கேதான் விஷயம் இருக்கிறது. டாக்டரும் லென்ஸும் தயாராக இருந்தால் மட்டும் ஒரு கண் திறந்துவிடாது. கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஆஸ்பத்திரி கட்டில் வரை வந்து சேர வேண்டும். அந்த வழியை ஊர்தான் போட்டுத் தர வேண்டும்.

முகாம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். இடத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் அல்லது கல்யாண மண்டபம். நோட்டீஸுக்கு அச்சகம். சுற்று வட்டாரக் கிராமங்களில் மைக் கட்டிச் சொல்ல ஓர் ஆட்டோ. பெயர் எழுத, வரிசையில் நிறுத்த, கை பிடித்து அழைத்துப்போகக் கல்லூரிப் பிள்ளைகள். வந்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் மதியச் சாப்பாடு ஏதாவதொரு மெஸ்ஸிலிருந்தோ வீட்டிலிருந்தோ வரும். மொத்தச் செலவுக்குப் பொறுப்பாக ஒரு கடையோ சங்கமோ கோயிலோ நிற்கும். காலையில் பார்வை பரிசோதனை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார்கள். ஆபரேஷன் முடிந்து, ஓரிரு நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

பள்ளிக்கூடத்திலும் கூடாரத்திலும் ஆபரேஷன் செய்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படிச் செய்யக்கூடாது. முகாமில் பரிசோதனை மட்டும்தான், ஆபரேஷன் ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கில்தான் நடக்க வேண்டும். யாராவது ‘இங்கேயே மண்டபத்திலேயே முடித்து அனுப்பிவிடுவோம்’ என்று சொன்னால், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்!

லயன்ஸ் சங்கத்துக்கும் கண்ணுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்பதுண்டு. அது ஒரு பெண்மணி கேட்ட வரம். பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர், 1925-ல் அமெரிக்காவில் நடந்த லயன்ஸ் மாநாட்டுக்குப் போய், பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று ஒப்புக்கொண்ட வேலையைத்தான் இத்தனை வருஷமாக உலகம் முழுவதும் அவர்கள் செய்கிறார்கள். மதுரையில் 1992-ல் ஆரம்பித்த கண் மருத்துவப் பயிற்சி நிலையத்தின் பெயரிலும் லயன்ஸ் இருக்கிறது.

மகமையும் பிடி அரிசியும்

வியாபாரி ஊருக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ‘மகமை’ என்ற வார்த்தையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, பொதுக் காரியத்துக்கு எடுத்து வைக்கும் பணம் அது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலை இப்படி வியாபாரிகளின் மகமையாலும், வீட்டுப் பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியாலும் நடந்த பள்ளி. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அதுதான். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்ட அந்தப் பெண்களுக்கு, தாங்கள் ஒரு முதலமைச்சரைப் படிக்க வைக்கிறோம் என்று தெரியுமா, சொல்லுங்கள்!

நம் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் இந்தப் பிடி அரிசியைத்தான் வீட்டுப் பெண்களிடம் கேட்டார். தினமும் ஒரு பிடி அரிசி, கூட ஒரு சின்ன நாணயம். அதற்கு மேல் வேண்டாம். மாதக் கடைசியில் ‘தர்மத்துக்கு எடுத்து வை’ என்றால் பர்ஸில் ஒன்றும் இருக்காது. தினம் ஒரு பிடி என்றால் வீட்டுக்காரருக்கும் கனக்காது, நமக்கும் தெரியாது.

கோயம்புத்தூரில் 1977-ல் டாக்டர் ரமணியும் அவர் மனைவி டாக்டர் ராதாவும் காஞ்சி மடத்தின் ஆசியோடு ஓர் இலவச வைத்திய நிலையம் ஆரம்பித்தார்கள். அதுவே வளர்ந்து சங்கரா கண் மருத்துவமனை ஆனது. கிராமத்திலிருந்து பஸ்ஸில் அழைத்துவரும் நோயாளிகளுக்குச் சாப்பாடு போட வேண்டுமே! அதற்குக் கை கொடுத்தது இதே பிடி அரிசிதான். வீடுகளில் எடுத்து வைத்த அரிசியைத் தொண்டர்கள் போய் வாங்கி வந்து அந்தச் சமையற்கட்டில் சேர்த்தார்கள். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவருக்குச் சூடாக ரசம் சாதம் கிடைக்கிறது என்றால், அது எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் காலையில் அளந்த அரிசி.

சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆரம்பமும் காஞ்சியோடு சேர்ந்ததுதான். 1976-ல் ஜயேந்திர சரஸ்வதி சுவாமிகள் டாக்டர்களிடையே பேசும்போது, தொண்டு மனப்பான்மையோடு நடக்கும் ஆஸ்பத்திரி வேண்டும் என்று சொன்னார். 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் அதை ஆரம்பித்தார்.

100-க்கு 7 பேர்

இத்தனை பேர் கை கொடுத்தும், ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கண் முகாம்கள் நடந்த இடங்களாகப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 1999-ல் வெளியானது. கண்ணில் குறை இருந்தவர்களில் 100-க்கு சுமார் 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள்!

முகாம் இலவசம். கண்ணாடி மலிவு. ஆபரேஷனுக்குக் காசு கிடையாது. ஆனாலும் 93 பேர் வரவில்லை. ஏன்?

பயம் ஒன்று. ‘வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும்’ என்ற நினைப்பு ஒன்று. பஸ் சார்ஜும், அன்றைய கூலி போவதும் ஒன்று. பெண்களைக் கேட்டால், வீட்டுப் பொறுப்பு. இந்தப் பேச்சு நம் வீடுகளில் நடக்காததா?

“முகாமுக்கு வாங்க அத்தை, நான் கூட்டிட்டுப் போறேன்.”

“எனக்கென்னடி இனிமே? இந்தக் கண்ணு பார்த்த வரைக்கும் போதும். நீ வந்துட்டா புள்ளைங்களுக்கு யார் சோறு போடுவா? மூணு நாள் ஆஸ்பத்திரியில போய் நான் உக்காந்துகிட்டா வீடு என்னத்துக்காவும்?”

இதில் பயம் பாதி. பிறருக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்ற தயக்கம் பாதி. உலகத்தில் பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான் என்றால், அதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்றால் பிள்ளை உடனே லீவு போடுகிறான். அம்மாவுக்கு என்றால் ‘தீபாவளி போகட்டும்’ என்கிறோம். அந்தத் தீபாவளி போய் அடுத்த தீபாவளியும் வந்துவிடுகிறது.

இந்தத் தயக்கத்தை எது உடைக்கும் என்றும் மதுரைப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 1991-ல் வெளியான இன்னொரு ஆய்வு இது. சில கிராமங்களில் ஆபரேஷன் மட்டும் இலவசம். சில கிராமங்களில் பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்து இலவசம். சில இடங்களில் மைக் வைத்துச் சொன்னார்கள். சில இடங்களில், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டு பார்வை வந்த ஒருவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பஸ்ஸும் சாப்பாடும் கொடுத்த இடங்களிலும், வீடு தேடிப்போய்ச் சொன்ன இடங்களிலும் அதிகம் பேர் ஆபரேஷனுக்கு இசைந்தார்கள்.

இப்போது புரிகிறதா, அரிசி மண்டிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று? பஸ்ஸுக்கு டீசல் போட்ட கடைக்காரரும், ஒரு வேளைச் சோறு போட்ட மண்டிக்காரரும் வெறும் உபகாரத்துக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆபரேஷனே நடப்பதற்குக் காரணமாக இருக்கிறார்கள்.

தறி வீட்டுக் கண்கள்

செவிலிமேட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டு நெசவை நம்பிய குடும்பங்கள் காஞ்சிபுரத்தைச் சுற்றி எத்தனையோ. தலைமுடியைவிட மெல்லிய இழை. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் ஓர் இழை தப்பினால் தெரிந்துவிடும். அறுந்த நூலை எடுத்து முடி போட வேண்டும். தார் சுற்றும் பெண்களுக்கும் கண்தான் மூலதனம்.

40 வயசு தாண்டினால் கிட்டப் பொருள் மங்குவது எல்லோருக்கும் வருவது. அது வியாதி அல்ல. ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் நம் ஊர்களில் பலர் கண்ணாடி போடாமல், விளக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, ‘முன்ன மாதிரி வேலை ஓட மாட்டேங்குது’ என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயசு தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் அந்த ஆய்வு வெளியானது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. இலை பறிக்கவே இப்படி என்றால் ஜரிகை நெய்ய எவ்வளவு இருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதனால் நம் பட்டுக் கடைக்காரர்களும் கூட்டுறவு சங்கங்களும் கண் முகாமுக்குக் கொடுப்பதைத் தர்மம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். எந்தக் கண்கள் நெய்த புடவையால் கடை நடக்கிறதோ, அந்தக் கண்களுக்குச் செய்யும் கைம்மாறு. முகாம் நடத்தும் கடைக்காரர் பேனரில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளட்டும். பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கும் பஸ் போகிறதா என்று மட்டும் நாம் கேட்போம்.

நாம் என்ன செய்யலாம்?

கையில் பணம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை இவை.

முதலில், ஒரு பிடி அரிசி. உங்கள் தெருவில் 10 வீடு சேர்ந்தால் போதும். மாதம் ஒரு முறை அளந்து, முகாம் நடத்துகிறவர்களிடமோ, இலவசச் சாப்பாடு போடும் ஆஸ்பத்திரியிடமோ முன்கூட்டிப் பேசிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரி சந்தோஷமாகக் கொடுக்கும்.

இரண்டாவது, உங்கள் தெருவில் புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் யாராவது இருந்தால், அவரை மற்றப் பெரியவர்களிடம் பேசச் சொல்லுங்கள். டாக்டர் 10 முறை சொல்வதைவிட, ‘நானும் பயந்தேன்க்கா, இப்போ அரிசியில கல்லு பொறுக்கறேன்’ என்று பக்கத்து வீட்டு அம்மா ஒரு முறை சொன்னால் போதும்.

மூன்றாவது, முகாம் அன்று ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘நீ மாமியாரைக் கூட்டிட்டுப் போ, பசங்க சாப்பாடு எங்க வீட்டுல’ என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்வது, 1,000 ரூபாய் நன்கொடைக்குச் சமம்.

வீட்டில் பெரியவர்களுக்கு இதையும் எடுத்துச் சொல்லுங்கள். கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்துப்போவது. சொட்டு மருந்தோ, பத்தியமோ, பச்சிலையோ அதைக் கரைக்காது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி. ‘நல்லா பழுக்கட்டும்’ என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சல் ஆனவுடன் காட்டலாம். முற்றவிட்டால் ஆபரேஷன்தான் கடினமாகும்.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகுதான் நம் வேலை ஆரம்பம். டாக்டர் சொன்ன வேளைக்குச் சொட்டு மருந்து; போடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது. அவர்கள் சொல்லும் நாள் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, அடுப்புப் புகைப் பக்கம் போகக்கூடாது. வலி அதிகமானாலோ, கண் சிவந்தாலோ, வந்த பார்வை மறுபடி மங்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வரச் சொல்வார்கள். ‘அதான் தெரியுதே’ என்று விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷம் ஒரு முறை விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும். இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தையின் கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, பார்வை மாறுகண்ணாக இருந்தாலோ, முகாமுக்குக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அச்சாகாத பெயர்

செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விந்தியக் காட்டில் வழி தெரியாமல் நின்ற ராமானுஜருக்கு, ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். வேடுவச்சி தாகம் என்று கேட்க, அவர் இந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். திரும்பிப் பார்த்தபோது இருவரையும் காணோம். எதிரே காஞ்சிக் கோபுரம். வந்தவர்கள் பெருமாளும் தாயாரும் என்று தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீரை இந்தக் கிணற்றிலிருந்து வரதருக்குக் கொண்டுபோனார் என்பார்கள். சாமியே இறங்கி வந்து செய்த வேலை என்ன, பார்த்தீர்களா? துணைக்குக் கூட நடந்ததுதான்.

நோட்டீஸில் அச்சாகாமல் விட்டுப்போன பெயர் அந்தத் துணையின் பெயர்தான். மண்டபம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, சாப்பாடு போட்டவர் பெயர் இருக்கிறது. பாட்டியின் பயத்தைப் போக்கி, புடவையை மடித்துப் பையில் வைத்து, கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, திரும்பி வந்ததும் வேளைக்குச் சொட்டு மருந்து விடும் பெண்ணின் பெயர் எந்த நோட்டீஸிலும் வராது. அவள் இல்லாவிட்டால் மற்றவர்கள் கொடுத்தது அத்தனையும் வாசலோடு நின்றுவிடும்.

அடுத்த முறை நோட்டீஸ் வந்தால் பின்பக்கம் மளிகை லிஸ்ட் எழுதிவிடாதீர்கள். முன்பக்கத்தில் தேதியைப் பார்த்து காலண்டரில் குறித்துவிட்டு, அத்தையிடம் போய்ச் சொல்லுங்கள்: “ஞாயித்துக்கிழமை காலையில ரெடியா இருங்க. நான் கூட வரேன்.”